கருட சேவைக்குப் போன இடத்தில் போட்ட ஊசி

என் வீட்டுக்காரருக்கு ஊசி போட்டார்கள் என்பது பொய்யில்லை. போட்டார்கள். எனக்கும்தான் போட்டார்கள். ஆனால் ஊர் பேசியதெல்லாம் அவர் கையில் ஏறிய ஊசியைப் பற்றித்தான். என் கையில் ஏறியது என்ன, வெறும் தண்ணீரா என்று கேட்க ஆளில்லை.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. தை மாதம் கல்யாணமாகி, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் அவர்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தேன். வைகாசியில் காஞ்சிபுரத்தில் கருட சேவை. புதுசாகக் கல்யாணமானவர்கள் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரட்டும் என்று மாமியாரே அனுப்பிவைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால், சுகாதாரக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் மறித்துக் காலரா ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். குத்திக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போக முடியாது. இவர் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். அவருக்குப் பின்னாலேயே நானும் நீட்டினேன். கருடன் மேல் பெருமாள் வந்தபோது கும்பிடுவதற்குக் கையைத் தூக்க முடியாமல் இரண்டு பேரும் நின்றோம். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் திரும்பும்வரை சிரித்துக்கொண்டு வந்தோம்.

ஆடி பிறந்ததும் என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாதம் முடிந்து திரும்பி வந்தால், மனுஷன் இளைத்து, கழுத்தில் மாமியாரின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய கறை இன்னும் போகவில்லை. பொன்னுக்கு வீங்கி. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, மீசை வைத்த ஆளுக்கு வந்திருக்கிறது. அதற்குத் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்று அந்தச் சங்கிலி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்களுக்கு இந்தச் சங்கிலி உங்கள் அம்மாவுக்கு இருக்கிறதைவிட எடுப்பாக இருக்கிறது என்றேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார் சட்டென்று வந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டு, "காய்ச்சக்காரனாண்ட இன்னா சிரிப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியில் யாரிடமும் இதைச் சொல்லாதே என்று சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வயசுக்கு வந்த ஆணுக்குப் பிள்ளை வியாதி வந்ததில் வெட்கப்படுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. எமர்ஜென்சியும் போனது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பம்பு செட்டுத் தொட்டியில் துணி துவைக்கப் போனால், ஒவ்வொருத்தியும் என் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள், பிறகுதான் முகத்தை. எந்தக் கோயிலைச் சுற்றலாம், எந்த வேரை அரைத்துக் குடிக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். ஒருத்தியிடம், நீ குடித்த வேரை எனக்கும் கொடு, உன் ஐந்தாவது பிள்ளை மாதிரியே மூக்கு ஒழுகிக்கொண்டு ஒன்று பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு மாதம் நிம்மதியாகத் துணி துவைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை உதறிக் காயப்போடும்போது அழுகை வரும். அது வாய்க்காரிக்கும் வரும்.

என் மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய அண்ணன், எல்லோருக்கும் பெரிய மாமா, அவர்தான் குடும்பத்தில் எதையும் முடிவு செய்கிறவர். நான்காவது வருஷமோ என்னவோ, அவர் பேத்திக்குக் காது குத்து. சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கும் கேட்கட்டும் என்றே அவர் பேச்சை எடுத்தார். தாமல் கிராமத்தில் ஒரு பெண் இருக்கிறதாம். ஏழைப்பட்ட குடும்பம், இரண்டாம் தாரமாகக் கொடுக்கச் சம்மதிப்பார்களாம். இவளைத் துரத்தப் போவதில்லை, இவளும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார். மூலையில் சாத்திவைத்த உலக்கையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாமியார் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர், முகம் முழுக்கத் தழும்பு. அதனாலேயோ என்னவோ நாலு பேர் இருக்கும் இடத்தில் பின்னால்தான் நிற்பார்.

"எம் புள்ளைய கவர்மெண்டு ஊசி போட்டு கெடுத்துட்டாங்க மாமா," என்றார். "கருட சேவைக்குப் போன எடத்துல புடிச்சுக்கினு போட்டுட்டாங்க. நீங்க எந்தப் பொண்ண கொண்ணாந்தாலும் இதே கததான்."

பெரிய மாமா வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் அப்படியே இருந்தார். தாமல் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் அது நின்றதை நான் கவனிக்கவே இல்லை. என் புருஷனை நாலு பேர் நடுவில் இப்படிச் சொல்லிவிட்டாரே என்ற கோபம்தான் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. வீட்டுக்காரர் தலை இன்னும் கீழே போனது. பெற்ற மகனைப் பற்றி இப்படிச் சொல்ல ஒரு தாய்க்கு எப்படி மனசு வந்தது என்று மாமியாரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சாப்பாடு போடுவேன், தண்ணீர் வைப்பேன், அவ்வளவுதான்.

அந்த வார்த்தை சும்மா இருக்கவில்லை. எமர்ஜென்சியில் எங்கெங்கோ ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்ததாக எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அந்தக் கதைக்கு இந்த ஊரில் ஒரு ஆள் இல்லாமல் இருந்தது, இப்போது கிடைத்துவிட்டார். டீக்கடையில் அவருக்கு மட்டும் பெஞ்சில் இடம் விட்டுக் கொடுத்தார்கள். பாவம், பாவம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஊசி என்றாலே அதற்குத்தான், காலரா என்பதெல்லாம் சாக்கு என்று ஒரு கட்சி. அவ்வளவு கூட்டத்துக்கும் போட்டார்களே, காஞ்சிபுரத்தில் பிள்ளையே பிறக்கவில்லையா என்று ஒரு கட்சி. ஆள் பார்த்து ஊசி மாற்றுவார்கள் என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். இந்த வழக்கு ஏரிக்கரை, களத்துமேடு, ரேஷன் கடை என்று எல்லா இடத்திலும் நடந்தது. எங்களை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழந்தைகளுக்குக் கக்குவான் முதலான மூன்று நோய்கள் வராமலிருக்க முத்தடுப்பு ஊசி போட ஒரு நர்சம்மா சைக்கிளில் வருவார். அந்த வருஷம் அவர் வந்தபோது, எங்கள் தெருவில் ஆண் பிள்ளை வைத்திருந்தவர்கள் யாரும் கதவைத் திறக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டு போ என்றாளாம் ஒருத்தி, அதற்குக்கூட மற்றவர்கள் விடவில்லை. அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன ஊசி, எங்கே போட்டார்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எனக்கும் போட்டதைச் சொன்னேன். அந்த அம்மாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். காலரா ஊசியால் கை வீங்கும், காய்ச்சல் வரும், வேறு ஒன்றும் ஆகாது என்றார். வீட்டுக்காரரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டு, குழந்தை இல்லையென்றால் இரண்டு பேரும் காட்டிக்கொள்ள வேண்டும், ஒருத்தியை மட்டும் வேர் குடிக்கச் சொல்லக் கூடாது என்றார். மாமியார் கொல்லைக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது ஆஸ்பத்திரி என்ற வார்த்தைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். திரும்பத் திரும்பச் சொன்னேன். திரும்பத் திரும்பப் போய்விட்டார். அந்த வருஷம் எங்கள் வயலில் களை என்பதே இல்லை.

அப்புறம் தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரர், வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, வீட்டுக்கே வந்தார். உத்திரமேரூரில் கூட்டம், அண்ணன் வந்து மேடையில் சும்மா உட்கார்ந்தால் போதும், பேசுவதை நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார். இவர் வேண்டாம் என்றார். பெரிய மாமா அந்தக் கட்சி. போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பெண்கள் பக்கத்தில் நின்றேன்.

மேடையில் அவருக்கு மாலை போட்டிருந்தார்கள். கல்யாணத்தன்று மாலையோடு பார்த்தது, அதன் பிறகு அன்றுதான். பேச்சாளர் அவரைக் கைகாட்டி, இந்த வாலிபனின் வம்சத்தையே அறுத்துவிட்டார்கள் என்று கத்தினார். கூட்டம் உச்சுக் கொட்டியது. பேச்சு சூடு பிடித்ததில் அந்த ஆள், நீயே சொல்லு தம்பி என்று மைக்கை இவர் பக்கம் திருப்பிவிட்டார். இவர் எழுந்தார்.

"எனக்கு போட்டது காலரா ஊசிங்க," என்றார். "எஞ்சம்சாரத்துக்கும் போட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் காலரா வர்ல."

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். முன் வரிசையில் யாரோ சிரிக்க, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. பையன் போலீசுக்குப் பயந்துவிட்டான் என்று மறுநாள் ஊர் சொன்னது. அது போகட்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, பக்கத்து வீட்டுக்காரியை முன்னால் போகவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரை மேல் நடந்து வந்தோம். பாதி வழியில் அவர் நின்றார்.

"நான் ஒருத்தன் உயிரோட கீறேன்றதையே மறந்துட்டு பேசறாங்க," என்றார். "செங்கல்பட்டு போலாம். என்னான்னுதான் பாத்துர்லாம்."

செங்கல்பட்டில் நாங்கள் பார்த்த டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். அவர் ஊசியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் கதையை ஆரம்பித்ததும், அதை விடும்மா என்றுவிட்டு இவர் பக்கம் திரும்பி, பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். கன்னத்தோடு நின்றுவிட்டதா, கீழேயும் வீங்கியதா என்று கேட்டார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு, வீங்கியது என்றார். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கிடந்ததை, அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததை, அந்த மேசையிடம் சொன்னார். எனக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வந்தது. நான் சிரித்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும்.

ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து அந்த அறைக்குப் போய்வா என்றார்கள். எதற்கு என்று சொன்னதும் மனுஷன் வந்த வழியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, அந்தப் பாட்டிலைத் துண்டில் சுற்றி, மாங்காய் திருடினவன் மாதிரி கொண்டுவந்தார். அவர் எனக்காகச் செய்த காரியங்களிலேயே அதுதான் பெரிசு என்று இன்றைக்கும் சொல்வேன். சொன்னால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவார்.

மறுபடி வரச்சொன்ன அன்று என்னையும் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பொன்னுக்கு வீங்கி என்பது வைரஸ் என்ற கிருமியால் வருவது. பெரிய ஆண்களுக்கு வந்தால் சிலருக்கு விதையிலும் இறங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு போய்விடும். இவருக்கு ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது, இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறது. உயிரணு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கொஞ்சம் தாமதமாகலாம், நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்றார். என்னிடம் ஒரு குறையும் இல்லை என்றார். தங்கச் சங்கிலியைப் பற்றிக் கேட்டேன். அது கழுத்துக்கு அழகு என்றார். வெளிநாட்டில் இந்த வியாதி வராமலிருக்கவே ஒரு ஊசி வந்துவிட்டது, நம் ஊருக்கு இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். நினைத்துப் பார்த்தேன். ஊசி போட்டதால் கெட்டது என்று ஊரே பேசுகிறது. ஊசி இல்லாததால் வந்த வினை அது.

வெளியே வந்து ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். "இல்லாமல் இல்லை" என்று அவர் டாக்டர் மாதிரியே சொல்லிப் பார்த்தார். சட்னி இருக்கிறதா என்று சர்வரைக் கேட்டு, அவன் பார்க்கப் போனதும், இல்லாமல் இல்லை என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த மனுஷன் வேடிக்கை பேசினார். எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. பிள்ளை பிறக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

பிறந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, ஆனால் நான் உண்டானேன். நான் மாசமாக இருந்த அந்தக் காலத்தில்தான் எங்கள் தெருவில் கக்குவான் இருமல் வந்தது. கதவைத் திறக்காத வீடுகளில்தான் முதலில் கேட்டது. குழந்தைகள் மூச்சு விட முடியாமல் இருமி முகம் கறுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. கடவுள் புண்ணியம், எல்லாக் குழந்தைகளும் பிழைத்தன. மாமியார் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. எந்த வீட்டில் இருமல் கேட்டாலும் போய் வாசலில் நிற்பார், வெந்நீர் வைத்துக் கொடுப்பார், திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவருக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊசி வேலை செய்யவில்லை போலிருக்கிறது, பழைய மருந்தாக இருக்கும் என்று ஊர் தீர்ப்பைத் திருத்தி எழுதிக்கொண்டது. ஊசி தப்பு என்பதை மட்டும் விடவில்லை. மூன்று மாதம் கழித்து நர்சம்மா பள்ளிக்கூட வராந்தாவில் பெட்டியைத் திறந்து வைத்தபோது, வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருந்தது, ஊசி போட ஒரு குழந்தையும் இல்லை. நான் குழந்தையைத் துணியில் சுற்றுவதற்குள் மாமியார் வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

பெரிய மாமாவும் அங்கே நின்றிருந்தார். மாமியார் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, தழும்பு முகத்தை மறைக்காமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"எம் புள்ளைக்கு ஊசியால ஒண்ணும் ஆவல. அவனுக்கு பொன்னுக்கு வீங்கி வந்துது, அதான். நாந்தான் ஊசின்னு பொய் சொன்னேன். எம் மூஞ்சப் பாருங்க, அம்மை குத்தாத மூஞ்சி. எம் பேச்சக் கேட்டு உங்க புள்ளைங்கள உட்டுடாதீங்க."

பெரிய மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் எதற்கு அப்படி ஒரு பொய் என்று கேட்டார்.

மாமியார் அவரை நேராகப் பார்த்தார். "வியாதின்னா எம் புள்ளைய சிரிப்பீங்க. சொல்லாம உட்டா இவ தலையில தாமல் பொண்ண கொண்ணாந்து வெப்பீங்க. கவர்மெண்டுன்னு சொன்னேன் மாமா. அத திட்டினா அது இன்னா, அழவா போவுது?"

குழந்தையை நர்சம்மாவிடம் நீட்டினார். ஊசி ஏறியதும் அது வீறிட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். காது குத்து அன்று அவர் சொன்ன கடைசி வார்த்தை, எந்தப் பெண்ணைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான் என்றது, அப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது. அன்று கூடத்தில் நின்று அவர் காப்பாற்றியது என்னைத்தான். அதற்கு நான் கொடுத்தது, வருஷக்கணக்கில் பேச்சில்லாத சோறு. அத்தை என்று கூப்பிட்டேன். "இன்னா நின்னுக்கினு கீற, புள்ள அழுவுது பாரு, வூட்டுக்கு நட," என்றார். எங்களுக்குப் பின்னால் ஒருத்தி தன் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஏறினாள். பம்பு செட்டில் என்னோடு பேசாமல் இருந்தவள்தான்.

சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. வரும் என்று நர்சம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார், மாத்திரையும் கொடுத்திருந்தார். அத்தை குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. ஈரத் துணியால் நெற்றியை ஒற்றிக்கொண்டே, பச்சைப் பிள்ளைக்கு இப்படிக் குத்தி அனுப்பியிருக்கிறார்களே என்று கவர்மெண்டை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், ஊசிதான் நல்லது என்று காலையில் ஊருக்கே சொன்னது யார் என்று கேட்க வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அடக்கிவிட்டேன். திட்டட்டும் என்று சொல்லிவிட்டு, அத்தைக்குச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.